செங்கல்பட்டு ஏரியாவும் திரைப்பட வசூல் கணிப்பும்



திரைப்படம் ஒன்றின் வசூலை அது வெளியாவதற்கு முன்பே கணிக்க இயலுமா என்பதை ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கு அச்சரப்பாக்கத்தில் நடைபெறுவது மிகவும் பொருத்தமானது. தமிழ்த் திரைப்பட வணிகத்தில் வசூல் எக்காலத்தும் மாநிலம் முழுமைக்குமான ஒற்றை எண்ணாகக் கணிக்கப்பட்டதில்லை. சென்னை நகரம், கோவை, மதுரை, திருச்சி–தஞ்சை, சேலம், நெல்லை–குமரி என ஏரியா ஏரியாவாகப் பிரித்தே கணிக்கப்பட்டு வந்துள்ளது. வடஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டு ஆகிய பழைய மாவட்டங்களை ஒன்றுசேர்த்து விநியோகத்துறையினர் என்.எஸ்.சி. என்று வழங்கும் ஏரியாவுக்குள் இவ்வூர் அடங்குகிறது. வடஆர்க்காடு 1989இலும் தென்னார்க்காடு 1993இலும் பிரிக்கப்பட்டன. பழைய செங்கல்பட்டு 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகி, 2019இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. செங்கல்பட்டைத் தனி ஏரியாவாகக் கணக்கிடும் வழக்கம் இப்போது பரவலாக இருப்பினும், வருவாய்த்துறை கைவிட்ட பழைய வரைபடத்தைத் திரைப்பட ஒப்பந்தங்கள் இன்னும் முழுமையாகக் கைவிடவில்லை.

இவ்வொப்பந்தங்களே தமிழ்நாட்டின் முதல் கணிப்பு மாதிரிகள் என்பது இவ்வுரையின் துணிபு. ஏரியாவின் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு முழுத் தொகை கொடுத்து வாங்கி, இலாபமோ நட்டமோ தானே ஏற்பது அவுட்ரேட் முறை. திரும்பப் பெற இயலாத ஓர் அடிப்படைத் தொகையைத் தயாரிப்பாளருக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் வருவதைப் பகிர்ந்துகொள்வது மினிமம் கியாரண்டி முறை. முன்பணம் மட்டும் கொடுத்து, கமிஷன் பெற்றுக்கொண்டு, குறைவு நேர்ந்தால் அதைத் தயாரிப்பாளரிடமிருந்து திரும்பப் பெறுவது டிஸ்ட்ரிபியூஷன் முறை. இம்மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு, கணிப்புப் பிழைக்கும்போது அதன் விலையை யார் கொடுப்பது என்பதேயாகும். விநியோகஸ்தர் ஒரு படத்தை எந்த முறையில் வாங்க இசைந்தார் என்பதே அப்படத்தின்மீது அவர் வைத்த நம்பிக்கையின் அளவுகோலாக அமைந்தது. 2002இல் ‘பாபா’வுக்கும் 2014இல் ‘லிங்கா’வுக்கும் பின்னர் விநியோகஸ்தர்களின் நட்டம் பொதுவெளியில் பேசித் தீர்க்கப்பட்டதைக் காணும்போது, ஒப்பந்தம் சுமக்க இயலாத அளவுக்குக் கணிப்புத் தவறுகள் பெருகியிருந்தமை புலனாகிறது.

அக்காலக் கணிப்பு ஓரளவேனும் நிலைத்து நின்றமைக்குக் காரணம், கணித்தவர்களின் நுண்ணறிவு மட்டுமன்று, படங்கள் வெளியான முறையுமாகும். 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்னும் செய்தி வியப்புக்குரியதாக மட்டுமே நினைவுகூரப்படுகிறது. ஆனால் ஃபிலிம் பிரதி எடுப்பது பெருஞ்செலவாக இருந்த காலத்தில், குறைந்த எண்ணிக்கையிலான பிரதிகள் முதலில் நகரங்களில் ஓடி, பின்னர் சிறு நகரங்களுக்கும், அதற்கும் பின்னர் டூரிங் கொட்டகைகளுக்கும் சென்றன என்பதையும் சேர்த்தே அச்செய்தியை நோக்க வேண்டும். நகரங்களை ஏ சென்டர் என்றும், அவற்றுக்கு அடுத்த ஊர்களை பி, சி சென்டர்கள் என்றும் பகுத்த வழக்கத்தில், சி சென்டரான ஓர் ஊரின் கொட்டகைக்குப் படம் வந்து சேரும்போது அதன் வெற்றி தோல்வி ஏற்கெனவே தெரிந்திருந்தது; நகர ஓட்டமே சிற்றூருக்கான முன்கணிப்பாயிற்று. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் டிஜிட்டல் திரையிடல் பரவி, எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் படம் வெளியாகத் தொடங்கியபோது, சிற்றூர்த் திரையரங்கு புதுப்படத்தைப் பெற்றது. காத்திருந்து அறியும் வாய்ப்பை இழந்தது. இவ்விழப்பு திரைப்பட ஆய்வுகளில் போதிய கவனம் பெறவில்லை.

கோட்பாட்டளவில் வசூல் கணிப்பு பற்றிய ஆய்வு, பாரி லிட்மன் 1983இல் அமெரிக்கப் படங்களின் வருவாயைச் செலவு, வகை, வெளியீட்டுக் காலம், விமர்சனம் முதலியவற்றோடு பொருத்திப் பார்த்ததிலிருந்து வளர்ந்தது எனலாம். ஆர்தர் டி வானியும் டேவிட் வால்ஸும் 1990களில், அத்தகைய காரணிகளால் வசூலைக் கணிக்கலாம் என்னும் நம்பிக்கையையே அசைத்தனர். மிகச் சில படங்கள் மிகப் பெருந்தொகையை ஈட்ட, மிகப் பல படங்கள் சிறுதொகையோடு நின்றுவிடும் பரவலில், சராசரி என்பது எந்தத் தனிப்படத்தைப் பற்றியும் பயனுள்ள செய்தி எதையும் சொல்லாது என்பதும், நட்சத்திர மதிப்பு வெற்றிக்கு உறுதி தராது என்பதும் அவர்தம் முடிவுகள். இக்கருத்தரங்கின் நோக்கத்துக்கு அவற்றினும் அணுக்கமானது, மோகன்பீர் சாஹ்னியும் ஜெஹோஷுவா எலியாஷ்பெர்க்கும் 1996இல் முன்வைத்த எளிய மாதிரி. படத்தைப் பார்க்கலாம் என்று ஒருவர் முடிவெடுக்க ஆகும் காலம், முடிவெடுத்தபின் திரையரங்குக்குச் செல்ல ஆகும் காலம் என இரண்டாக அவர்கள் காலத்தைப் பகுத்தனர். முதல் சில வாரங்களின் வசூலைக் கொண்டு எஞ்சிய வாரங்களைக் கணிக்கவும் அம்மாதிரி பயன்பட்டது.

இப்பகுப்பைக் கொண்டு இன்றைய தமிழ்நாட்டை நோக்கினால் மாற்றத்தின் மையம் தெளிவாகிறது. 2020இல் ‘பொன்மகள் வந்தாள்’, ‘சூரரைப் போற்று’ ஆகியவை திரையரங்கைத் தொடாமலேயே ஓ.டி.டி. எனப்படும் இணையத் திரையில் வெளியாயின. 2021 ஜனவரி 13இல் திரையரங்குக்கு வந்த ‘மாஸ்டர்’, அதே மாதம் 29இல் இணையத்துக்கு வந்தது. 2024 ஜூன் 14இல் வெளியான ‘மகாராஜா’ ஜூலை 12இல், சரியாக நான்கு வாரத்தில், வீட்டுக்குள் வந்தது. படத்தைப் பார்க்க முடிவெடுத்தும், அறுவடை வேலையாலோ தேர்வாலோ மாதக் கடைசிப் பணநெருக்கடியாலோ செல்லத் தாமதித்தவர், முன்பு ஐந்தாம் வாரத்தில் திரையரங்குக்கு வந்திருப்பார். இன்று அவர் படத்தைப் பார்க்காமல் விடுவதில்லை. திரையரங்கின் கணக்கிலிருந்து மட்டும் மறைகிறார். ஆகவே மக்களுக்குத் திரைப்பட ஆர்வம் குறைந்துவிட்டது என்னும் பரவலான புலம்பலை இவ்வுரை ஏற்கவில்லை. குறைந்திருப்பது தாமதிப்பதற்கான அவகாசமே. முதல் மூன்று வாரங்களைக் கொண்டு எஞ்சியதைக் கணிக்கும் முறையும் இங்கே பொருளிழக்கிறது; பெரும்பாலான படங்களுக்கு மூன்று வாரமே முழு ஆயுளாகிவிட்டது. இணைய வெளியீட்டுக்கு முன் எட்டு வார இடைவெளி வேண்டும் எனத் திரையரங்க உரிமையாளர்கள் கோருவதை வெறும் வணிகப் பூசலாகக் கருதாமல், முடிவெடுத்தபின் திரையரங்குக்குச் செல்வதற்கான காலத்தின் நீளம் பற்றிய ஆய்வுச் சிக்கலாகவும் இவ்வவை கருத வேண்டும்.

நட்சத்திர மதிப்பு வெற்றிக்கு உறுதி தராது என்பதை அண்மை ஆண்டுகளின் சான்றுகளும் வலியுறுத்துகின்றன. 2024இல் ‘இந்தியன் 2’, ‘கங்குவா’ ஆகிய பெருஞ்செலவுப் படங்கள் எதிர்பார்ப்பை எட்டாது போயின. அதே ஆண்டில் ‘லப்பர் பந்து’வும், மொழி வேறான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ஸும், இருபதாண்டுகளுக்கு முந்தைய ‘கில்லி’யின் மறுவெளியீடும் அரங்குகளை நிரப்பின. நட்சத்திரம் முதல் மூன்று நாளை, அதாவது ஓபனிங்கை, பெரும்பாலும் தீர்மானிக்கிறார். திங்கட்கிழமையை அவரால் தீர்மானிக்க இயலவில்லை. அந்த மூன்று நாள்கூட முன்போல் உறுதியானதன்று. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்கே அனுமதிக்கப்பட, அண்டை மாநிலங்களில் அதற்கு முன்பே காட்சி தொடங்கும் நிலையை 2023 அக்டோபரில் ‘லியோ’ வெளியானபோது அனைவரும் கண்டனர். இங்கே முதல் டிக்கெட் கிழிக்கப்படுமுன் படத்தைப் பற்றிய தீர்ப்பு கைபேசிக்கு வந்துவிடுகிறது.

செங்கல்பட்டு என்னும் ஒற்றைப் பெயருக்குள் அடங்கியிருக்கும் வேறுபாடுகளே இக்கருத்தரங்கு தங்கி ஆராய வேண்டிய இடம். மாவட்ட எல்லைக்குள் நாவலூரின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களை ஒட்டிய மல்டிபிளெக்ஸ்களும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானத்தூரின் மாயாஜால் மல்டிபிளெக்ஸும், குரோம்பேட்டை வெற்றி திரையரங்கும் உள்ளன. அதே மாவட்டத்தின் தென்கோடியில், நெல்லும் ஏரிப்பாசனமும் வாழ்வின் ஒழுங்கை வகுக்கும் மதுராந்தகமும் அச்சரப்பாக்கமும் உள்ளன. முன்னதில் இருக்கையைக் கைபேசியில் தேர்ந்து, இணையக் கட்டணமும் சேர்த்துச் செலுத்துபவர் பெரும்பான்மை. பின்னதில் கவுன்டரில் நின்று டிக்கெட் வாங்குபவர் இன்றும் பலர். முன்பதிவுத் தளத்தின் இருக்கை வரைபடத்தை மட்டும் கொண்டு கணிப்பவர், நாவலூரை அளந்துவிட்டுச் செங்கல்பட்டை அளந்ததாக நம்புகிறார். சமூக ஊடகக் கணிப்புக்கும் இக்குறை உண்டு. சிதாராம் அசூரும் பெர்னார்டோ ஹூபர்மனும் 2010இல் 24 அமெரிக்கப் படங்களை ஆராய்ந்து, ட்விட்டரில் ஒரு படம் பேசப்படும் வேகத்திலிருந்தே அதன் தொடக்க வசூலைச் சொல்ல இயலும் எனக் காட்டினர். தமிழ்ச் சூழலிலோ அவ்வேகம் இரசிகர் மன்றங்களின் ஒழுங்கமைவையே பெரிதும் அளக்கிறது. இம்மாவட்டத்தின் நாட்காட்டியும் தனித்தன்மையுடையது. நவரை அறுவடையின் வரவும் பள்ளிகளின் கோடை விடுமுறையும் ஏறத்தாழ ஒருசேர வருவதையோ, ஆடிப்பூரத்துக்கு மேல்மருவத்தூர் நோக்கிப் பெருங்கூட்டம் இவ்வூர் வழிச் செல்லும் பெருஞ்சாலையில் நகர்வதையோ கருத்திற்கொள்ளாத மாதிரி, இவ்வட்டாரத்துக்கு உதவாது.

எனினும் எம்மாதிரியும் தரவின்றி நில்லாது. தமிழ்நாட்டில் படவாரியான, பொதுவில் கிடைக்கும் பார்வையாளர் எண்ணிக்கை இன்றளவும் இல்லை என்பது வருந்தத்தக்க குறை. திரையரங்குக்கு யார் வருகின்றனர் என்பதை முறையாகக் கேட்டறிய முயன்ற இந்தியத் திரைப்படக் குழு, சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927–28இலேயே பணியாற்றியது. அதன் சாட்சியத் தொகுதிகளுக்கு இணையான விரிவுடைய ஆவணம் அதன்பின் நமக்குக் கிடைக்கவில்லை. 1939ஆம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டம் டிக்கெட்டை எண்ண அரசுக்குக் காரணம் தந்தது. ஆயின் சிறு அரங்குகளுக்கான இணக்க வரி முறை, விற்ற டிக்கெட்டை விட்டு இருக்கைகளின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டதால், சிற்றூரின் மெய்யான வருகை பதிவுக்குள் வரவில்லை. 2017இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரி டிக்கெட் விற்பனையைப் பதியச் செய்கிறது. அப்பதிவு படவாரியாக வெளியிடப்படுவதில்லை. விளம்பரங்களில் இடம்பெறும் கோடிகளில் மொத்த வசூல் எது, வரி நீக்கிய நிகரத் தொகை எது, திரையரங்கின் பங்கு போக விநியோகஸ்தருக்கு எஞ்சும் ஷேர் எது என்னும் பாகுபாடு பெரும்பாலும் இருப்பதில்லை. தென்கொரியாவில் திரைப்பட மன்றம் நடத்தும் ஒருங்கிணைந்த கணினி வலையமைப்பு, படவாரியாகப் பார்வையாளரின் தலைக்கணக்கை நாள்தோறும் வெளியிடுகிறது. அண்டையிலுள்ள கேரளத்தில் தயாரிப்பாளர் சங்கம் 2025இல் படங்களின் செலவையும் திரையரங்கப் பங்கையும் மாதவாரியாக வெளியிடத் தொடங்கியபோது, வெற்றி எனக் கொண்டாடப்பட்ட படங்கள் பல நட்டத்தில் நின்றது தெரியவந்தது. அத்துணிவு இங்கும் வேண்டும்.

ரூபாயைவிடத் தலைக்கணக்கே ஆய்வுக்கு உகந்தது; டிக்கெட் விலை ஊருக்கு ஊர் வேறுபட, ஒரே தொகை நாவலூரில் ஒரு சிறு கூட்டத்தையும் மதுராந்தகத்தில் ஒரு பெருங்கூட்டத்தையும் குறிக்கக்கூடும். எனவே இக்கருத்தரங்கின் அமர்வுகள் மாநிலத்துக்கான மாதிரியை உடனே தேடாமல், தாம்பரத்திலிருந்து தொழுப்பேடு வரையுள்ள பெருஞ்சாலைத் தொடரை மட்டும் எடுத்துக்கொள்வது நலம். இத்தொடரின் திரையரங்க உரிமையாளர்கள், வணிக நலனுக்கு ஊறு நேராதவாறு ஆறு மாதம் கழித்தேனும், ஒவ்வொரு காட்சிக்கும் வந்தோர் எண்ணிக்கையையும், அவர்களுள் கவுன்டரில் வாங்கியோர், இணையத்தில் வாங்கியோர் எத்தனை பேர் என்பதையும் ஆய்வாளர்களுக்குத் தர இசைவார்களாயின், முடிவெடுத்தும் வராது போனவர்கள் எந்த வாரத்தில், எந்த ஊரில் மறைகின்றனர் என்பதை முதன்முறையாக அளக்க இயலும். அதற்கான படிவத்தை வகுப்பதை இன்றைய பிற்பகல் அமர்வு தன் முதற்பணியாகக் கொள்ளுமாறு இத்தலைமையுரை வேண்டுகிறது.