பிள்ளைகளின் பத்திரங்களைக் காப்போம்

(பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற சாதாரணத் தோட்டப்பள்ளி ஆசிரியை. கணினி நிபுணர் அல்ல. ஆனாலும் ஒரு சம்பவம் என்னைப் பேச வைக்கிறது.

மகனின் உதவித்தொகை மனுவோடு ஒரு தாயார் வந்தார். "டீச்சர், பிறப்புப் பத்திரம் பி.டி.எஃப்.ல இருக்கு. அவங்க படமாத்தான் கேக்குறாங்க. நெட்டுல ஒரு இடத்துல போட்டேன், ஒரே நிமிசத்துல மாத்திக் கொடுத்துடுச்சு" என்றார்.

"எந்த இடம் அம்மா?" என்று கேட்டேன். பெயர் நினைவில்லை. யார் நடத்துகிறார்கள் என்பதும் தெரியவில்லை.

அந்த ஒரு தாளில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் எண், தாய் தந்தையரின் அடையாளக் கார்டு எண்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த எண்ணின் 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம், பேராக்குக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். முகம் தெரியாதவன் கையில் இவ்வளவையும் கொடுக்கலாமா?

காகிதத்தின் அருமை நம் மக்களுக்குப் புதிதல்ல. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, தோட்ட வேலையை இழந்து கப்பலேறியவர்கள் பலர். சிவப்பு அடையாளக் கார்டோடு முதுமை கண்டவர்களும் உண்டு. அதனால்தான் நம் பாட்டிமார்கள் பத்திரங்களைப் பிஸ்கட் டின்னில் வைத்துக் காத்தார்கள். போட்டோஸ்டேட் கொடுத்தாலும், குறுக்கே இரண்டு கோடு இழுத்து, "இந்தக் காரியத்துக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். தாளில் காட்டிய கவனம் கைப்பேசியில் ஏன் இல்லை?

பக்கத்தைப் படமாக்க வெளியே அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. கைப்பேசியில் கோப்பைத் திறந்து, பக்கம் முழுவதும் தெரியும்படி வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஓரங்களை வெட்டினால் போதும். படங்களைத் தானாக இணையச் சேமிப்புக்கு அனுப்பும் வசதி உங்கள் கைப்பேசியில் இருந்தால், முதலில் அதை நிறுத்திவிடுங்கள்.

கணினி இருந்தால் இன்னும் தெளிவாக வரும். 'கிம்ப்' என்ற இலவச மென்பொருள் பி.டி.எஃப்.பைத் திறக்கும்போதே எந்தப் பக்கம், எவ்வளவு நுணுக்கம் என்று கேட்கும். அங்குலத்துக்கு 150 புள்ளி என்றால் ஏ4 தாள் 1240-க்கு 1754 புள்ளிகளாக வரும். மனுவுக்குப் பெரும்பாலும் இது போதும். 300 என்றால் 2480-க்கு 3508. பொடி எழுத்தும் தெளிவாக இருக்கும், ஆனால் கோப்பு பெரிதாகும். ஜேபெக் சிறியது, பி.என்.ஜி.யில் எழுத்தின் விளிம்பு மங்காது. படமானதும், அதன்மேலேயே கோடு இழுத்து, எதற்காக என்று எழுதிவிடுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். படத்தில் உள்ள எழுத்தைத் தேடவோ நகலெடுக்கவோ எளிதில் முடியாது.

சில இணையப் பக்கங்கள் கோப்பை எங்கும் அனுப்பாமல் நம் கருவியிலேயே மாற்றுவதாகச் சொல்லும். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பக்கம் திறந்தபின் வைஃபையையும் டேட்டாவையும் நிறுத்துங்கள். பிறகு, பிள்ளையின் பத்திரத்தை அல்ல, ஒரு வெற்றுத் தாளின் கோப்பைக் கொடுத்துப் பாருங்கள். படம் வந்தால் வேலை உங்கள் கருவியிலேயே நடக்கிறது. வராவிட்டால் அந்தப் பக்கத்தை நம்பிப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். நல்ல பத்திரத்தை மாற்றும்போதும் இணைப்பை நிறுத்தியே வையுங்கள். பக்கத்தை மூடிய பிறகே இணைப்பைத் திறங்கள்.

2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. ஆனால் எந்த ஊரிலோ உள்ள ஓர் இயந்திரத்துக்குப் போன நகலைச் சட்டத்தால் திரும்ப வாங்கித் தருவது எளிதா?

அந்தத் தாயாரை நான் குறை சொல்லவில்லை. இதைச் சொல்லிக்கொடுக்காதது எங்கள் குறை. இப்போது அவர் மகனே பக்கத்து வீட்டாருக்கு வீட்டிலேயே படமாக்கிக் கொடுக்கிறான். பெரியவர்களே, தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கேளுங்கள், வெட்கமில்லை.

தரையில் கொட்டிய பாலை மறுபடி வாளிக்குள் அள்ள முடியாது என்பதைப் பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கொட்டாமல் பார்த்துக்கொள்வோம்.