கசிவைத் தேடியவர்

மதுரையில் செல்லூர்க் கண்மாயின் மிகைநீர் பந்தல்குடிக் கால்வாயில் அடங்காமல் தெருக்களுக்குள் புகுந்த 2024 அக்டோபர் மழையையும், மாதக்கணக்கில் வைகை வெறும் மணலாய்க் கிடப்பதையும் கண்டவர்கள், வானம் முன்போல் இல்லையே என்று விசாரப்படும் இந்நாளில், அவ்வானத்தின் போக்கை ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் தமிழ் விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதனைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

1944-இல் பிறந்த அவர், சிறுவயதில் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தபோது, தமிழிலேயே பாடம் கேட்டுப் பழகியவருக்கு ஆங்கில வகுப்பு விளங்காமற்போகவே, எதையும் தாமே யோசித்து அறியும் வழக்கத்தைக் கைக்கொண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து முடித்ததும், செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் ஆலையொன்றில், பெட்டிகளிலிருந்து குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை அவருக்கு வாய்த்தது. சலிப்பூட்டிய வேலைதான்; ஆயினும் பிற்காலத்தில் அமெரிக்கா சென்று கிரகங்களின் வாயுமண்டலத்தைப் பயின்ற அவர், அதே வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கின்றன என்று 1974-இல் இரு விஞ்ஞானிகள் அறிவித்ததைக் கேட்டதும், அவை பூமியின் உஷ்ணத்தையும் வெளியேறவொட்டாமல் தடுக்குமோ என்று கணக்கிட்டுப் பார்த்தார். அவற்றின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஒரு மூலக்கூற்றைக் காட்டிலும் பதினாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது 1975-இல் அவர் வெளியிட்ட முடிபு. பூமி சூடேறுவதற்குக் கரியமில வாயு ஒன்றே காரணம் என்றிருந்த எண்ணம் அன்றோடு மாறியது. ஓசோனைக் காக்கவென அக்குளிரூட்டும் வாயுக்களைத் தடுக்க 1987-இல் உருவான மாண்ட்ரீல் உடன்படிக்கை, இக்காரணத்தாலேயே பூமி மேலும் சூடேறுவதையும் பெரிதும் மட்டுப்படுத்தியது.

நமக்கு மிக நெருங்கியது அவருடைய அடுத்த ஆராய்ச்சி. 1999-இல் கப்பல்களும் விமானங்களும் கொண்டு இந்து சமுத்திரத்தின்மேல் நடந்த பெருஞ்சோதனையில், விறகடுப்பு, டீசல், நிலக்கரி ஆகியவற்றின் புகை சுமார் மூன்று கிலோமீட்டர் கனத்தில் பழுப்புப் போர்வையாய்ப் பரவியிருக்கக் கண்டார்கள். அப்போர்வை சூரிய கிரணங்களை மறைப்பதால் கடல்நீர் ஆவியாவது குறைந்து, தென்மேற்குப் பருவமழை மெலிகிறது என்றும், நெல் விளைச்சலும் குன்றுகிறது என்றும் அவரும் அவருடைய சகாக்களும் பின்னர் எடுத்துக்காட்டினர். மேலூர் வயல்களுக்குப் பாயும் பெரியாற்றுத் தண்ணீர் முக்கியமாக அந்த மழையின் கொடை என்பதை அறிந்த மதுரைக்காரர்களுக்கு, இது தூரதேசத்துச் செய்தி ஆகாது.

கரியமில வாயுவின் கேடு நூற்றாண்டுகள் நிலைக்க, அப்பழுப்புப் போர்வையிலுள்ள புகைக்கரியோ ஓரிரு வாரத்தில் காற்றிலிருந்து உதிர்ந்துவிடும். ஆகவே அதைத் தடுத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும் என்பது அவருடைய வாதம். கரியமில வாயுவைக் குறைப்பதற்கு இது மாற்று அன்று என்றும் அவர் வற்புறுத்துகிறார். 2026-இல் கிராஃபோர்டு பரிசு அவரைத் தேடிவந்தது. ஆயினும், அதனினும் என் மனத்தைக் கவர்வது ‘சூர்யா’ என்னும் திட்டமே. உத்தரப் பிரதேசக் கிராமத்து வீடுகளில் புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்து, சமையலறைக் காற்றை ஒரு வடிதாளின் வழியே இழுத்து, கறுத்த அத்தாளைக் கைப்பேசியால் படமெடுத்து, அவ்வீட்டுப் பெண்கள் சுவாசிக்கும் கரியின் அளவை அவருடைய குழுவினர் கணக்கிட்டனர்.