சாலை விதிமீறலும் காப்பீட்டுக் கட்டணமும்

(சித்தூரில் வாகன உரிமையாளர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



அலிபிரி சோதனைச் சாவடியைக் கடந்து திருமலைக்குக் காரில் சென்றிராதவர் இந்த அவையில் இருப்பது அரிது. மலைப்பாதையில் ஏறுவதற்கு 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம் என்று தேவஸ்தானம் குறைந்தபட்ச நேரத்தை வரையறுத்திருக்கிறது. அதற்கு முன்னதாக வந்து சேரும் வண்டி அளவு மீறிய வேகத்தில் வந்தது என்பதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை. ஒருமுறை நான் சென்ற வாடகைக் காரின் ஓட்டுநர் வளைவுகளிலெல்லாம் விரைந்து ஓட்டிவிட்டு, மேல் சாவடிக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்! ஏமாற்று வேலைதான். ஆயினும் அந்த விதி அவரைத் தொட்டது. அதை அவர் மறக்க முடியவில்லை.

நமது மோட்டார் காப்பீடோ பெரும்பாலும் ஓட்டும் முறையைப் பார்ப்பதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமானது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். என்ஜினின் அளவுதான் கணக்கு. சொந்த வாகனச் சேதத்திற்கான கட்டணத்தில் வண்டியின் மதிப்பு, வயது, பதிவு செய்த ஊர் ஆகியவை சேர்கின்றன. பழைய கட்டண அட்டவணையில் சென்னை, பெங்களூர் போன்ற பெருநகரங்கள் 'ஏ' மண்டலம். சித்தூரும் திருப்பதியும் 'பி' மண்டலம். சித்தூர்க் கார் பலமனேர் வழியாக வாரம் இருமுறை பெங்களூர் சென்று வந்தாலும் அது 'பி' மண்டல வண்டியே.

இழப்பீடு கோராதவருக்கு உரிய சலுகை இருக்கிறதே என்பீர்கள். முதலாண்டில் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் வரை அது உயர்கிறது. ஆனால் அது கோரிக்கையைத்தான் பார்க்கிறது, குற்றத்தை அன்று. சிவப்பு விளக்கைப் பத்து முறை மீறி, தற்செயலாகத் தப்பித்தவருக்கு முழுச் சலுகை. நிறுத்தி வைத்த காரில் பிறர் மோதிய சேதத்தைத் தம் பாலிசியில் பழுது பார்த்தவருக்கு அது பறிபோகிறது. நிதானமாக ஓட்டுபவர், கண்மூடித்தனமாக ஓட்டுபவரின் செலவில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஏற்கிறார். விபத்தின் செலவு அதை உண்டாக்குபவரையே சார வேண்டும் என்று வில்லியம் விக்ரி 1968லேயே வாதிட்டார்.

இந்தியாவில் இதற்கு ஒரு முயற்சி நடந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு 2021 ஜனவரியில் வெளியிட்ட வரைவில், 'விதிமீறல் பிரீமியம்' என்ற தனிப் பிரிவு பரிந்துரைக்கப்பட்டது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி. தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி. புள்ளிகள் சேரச் சேரக் கட்டணம் கூடும். தலைநகர் தில்லியில் முன்னோட்டமாகத் தொடங்குவது என்பது யோசனை. அமெரிக்க மாநிலங்களிலும் பிரிட்டனிலும் விதிமீறலுக்கான தண்டனை பிரீமியத்தை உயர்த்துவது நெடுநாள் வழக்கம்.

குடிபோதையில் ஓட்டி நேர்ந்த சேதத்திற்கு உங்கள் சொந்தக் காரின் இழப்பீடு இப்போதே மறுக்கப்படும். அந்த அறிவு விபத்துக்குப் பின்னர்தான் பலருக்கு வருகிறது. பிரீமியம் முன்கூட்டியே எச்சரிக்கும். அதன் பயன் அதுவே.

என் தயக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்துமிடமே இல்லாத கடைத்தெருவில் வண்டியை நிறுத்தியதற்குப் புள்ளி போடுவது எனக்கு உடன்பாடன்று. உயிருக்கு ஊறு செய்யும் குற்றங்கள் மட்டும் போதும். போலி எண் பலகையால் வேறொருவர் குற்றம் உங்கள் பெயரில் ஏறினால், அதை மறுக்க எளிய வழி முதலில் வேண்டும். மேலும், அந்த வரைவு சுமையை வண்டியின் உரிமையாளர் மீதே வைத்தது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ஓடும் வாடகைக் காரில் உரிமையாளர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர். இன்று ஒருவரிடம், நாளை இன்னொருவரிடம் வேலை பார்க்கும் ஓட்டுநரின் புள்ளி அவருடைய ஓட்டுநர் உரிமத்திலும் ஏறினால், வேலைக்கு அமர்த்துமுன் உரிமையாளர் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.