அன்பின்மை ஒரு குற்றமா?
(திருவாதவூர்ப் பொழிவு)



கபிலர் பிறந்த ஊரெனப் போற்றப்படும் இத் திருவாதவூரில் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துப் பேசுவது சிலர்க்கு வியப்பாகலாம். ‘டிசபெக்சன்’ என்பது அச்சொல். ‘அபெக்சன்’ என்றால் அன்பு. ‘டிசு’ என்னும் முன்னொட்டு அதனை மறுக்கும். ஆகவே உறுப்புப் பொருளால் அஃது அன்பின்மை. வழக்கிலோ, ஆள்வோர்மேல் குடிகள் கொள்ளும் மனக்கசப்பு. கடையிலும் வீட்டிலும் தோன்றும் சிறு மனக்குறைக்கு ஆங்கிலேயர் வேறு சொற்கள் வைத்துள்ளனர்.

1870-இல் இந்தியத் தண்டச் சட்டத்தில் 124-அ என்னும் பிரிவு நுழைந்தபோது இச்சொல்லும் உடன் நுழைந்தது. 1897-இல் திலகர் வழக்கைக் கேட்ட பம்பாய் உயர்மன்ற நடுவர் இசுட்ரேச்சி, அன்பு இல்லாமையே இதன் பொருள் என்று விரித்தார். அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, பற்றுறுதியின்மையும் எல்லாப் பகையுணர்வும் இதனுள் அடங்கும் என எழுதிக்கொண்டனர். அரசின் செயலை ஏற்காது கண்டித்தல் மட்டும் குற்றமன்று என்றும் ஒரு விளக்கம் வைத்தனர்; ஆயின் கண்டனம் முடிந்து கசப்புத் தொடங்கும் இடத்தை அளக்கும் கோல் ஆள்வோன் கையிலன்றோ இருந்தது!

அக்கோல் தமிழ்மண்ணிலும் நீண்டது. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தனர். அவர்க்குத் துணைநின்று தமிழில் முழங்கிய வ.உ. சிதம்பரனாரையும் சுப்பிரமணிய சிவாவையும், அவர்தம் பொழிவுகளுக்காக இப்பிரிவின்கீழ்க் கூண்டிலேற்றினர். அவ்வாண்டு சூலை 7-ஆம் நாள் நடுவர் பின்ஃகே சிதம்பரனார்க்கு இரட்டை வாழ்நாள் தண்டமும் சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். மேன்முறையீட்டில் அவை குறைந்தன. வயிற்றுக்காக எழுந்த குரலை ‘அன்பில்லை’ என்னும் அளவைக்கொண்டு அளந்த கொடுமை அது. வத்தலக்குண்டில் பிறந்த அச் சிவாதான், சிறைமீண்டபின் 1915-இல் தம் ‘ஞானபானு’ இதழில், வடசொல் கலவாது தமிழ் எழுதுவார்க்கு ஐந்து உருபா பரிசு அறிவித்தவர் என்பதையும் தமிழன்பர் மறத்தலாகாது.

தமிழ் இவ்வுணர்வை எவ்வாறு கண்டது? காதலர்க்குள் எழுவதைப் புலவி, ஊடல், துனி என்று படிபடியாகப் பிரித்தது. வெகுளியைச் சொல்லும் தொல்காப்பியரோ, அஃது உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கு வழியாகப் பிறக்கும் என்கிறார். உறுப்பை அறுத்தல், குடியையும் சுற்றத்தையும் நலிதல், அடித்து அலைத்தல், கொல்லுதல் என்பன அவை. கவனிக்க: சினந்தவனைக் குற்றவாளியாக்காமல், சினத்தை விளைத்த செயலைத் தேடுகிறது இலக்கணம்! பறம்பை முற்றிய மூவேந்தரை நோக்கி, படைவலியால் அம்மலை உமக்குக் கிட்டாது என முகத்துக்கெதிரே பாடினார் கபிலர். மனைவியைப் பிரிந்திருந்த பேகனையும் அவர் இடித்துரைத்தார். அதற்காக அவரைச் சிறையிட்ட செய்தி புறநானூற்றில் இல்லை.

2022 மே 11-இல் உச்சமன்றம் 124-அ பிரிவின் செயற்பாட்டை நிறுத்திவைத்தது. 2024 சூலை முதல்நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 152-ஆம் பிரிவில் அவ் ஆங்கிலச் சொல் இல்லை. சொல் போயிற்று; அச்சம் போயிற்றா என்பது வேறு வினா.

இனி நம் செய்தித்தாள்களைப் பாருங்கள். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே வடசொல்: ‘அதிருப்தி’! அமைச்சர் இருக்கை கிட்டாதவனுக்கும் அதிருப்தி. கூலி கிட்டாதவனுக்கும் அதிருப்தி. நிறைவின்மை, மனக்குறை, மனத்தாங்கல், கசப்பு, கறுவு என்று தமிழ் தனித்தனியே வைத்திருப்பவற்றை ஒரே சாக்கில் கொட்டிக் கட்டிவிடுகின்றனர். 2024-ஆம் ஆண்டின் இறுதியில், இம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டிப் பக்கம் டங்சுடன் மாழை அகழ ஏலம் முடிந்த செய்தி வந்தபோது உழவர் கொதித்தெழுந்தனர். 2025 சனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தனர். அம்மாதமே நடுவணரசு அவ்வேலத்தை நீக்கியது. அவ் வெகுளி தொல்காப்பியர் சொன்ன குடிகோளிற் பிறந்தது. அதனையும் ‘அதிருப்தி’ என்று எழுதிவிட்டால், அந்தச் சொல்லுக்குள் குன்று எங்கே? கண்மாய் எங்கே? வயல் எங்கே?