கடவுச்சொல் சரி, கணக்கு மட்டும் திறக்கவில்லை

அலுவலக மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றிய ஊழியர் சரியாகத்தான் தட்டுகிறார். ஆனாலும் கணக்கு பூட்டப்பட்டதாகத் திரை சொல்கிறது. பல நேரம் காரணம் அவருடைய சட்டைப்பையிலேயே இருக்கும். கைபேசி பழைய கடவுச்சொல்லையே விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். தவறான முயற்சிகள் வரம்பைத் தாண்டியதும் சர்வர் கணக்கைப் பூட்டிவிடும். கைபேசியிலும் டேப்லெட்டிலும் புதிய கடவுச்சொல்லைப் பதிந்த பிறகே பூட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

கடவுச்சொல்லுக்குப் பின் கேட்கப்படும் ஆறு இலக்க எண் மறுக்கப்பட்டால் கைபேசிக் கடிகாரத்தைப் பார்க்கலாம். அந்த எண்ணைத் தரும் அத்தென்டிகேட்டர் செயலி நேரத்தை வைத்தே அதைக் கணக்கிடுகிறது. பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை அது மாறும். கைபேசி நேரம் சில நிமிடம் பிந்தினாலே எண் செல்லாது.

2022 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் மின்னஞ்சல் சேவையில், பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கேட்கும் பழைய நுழைவு முறையை நிறுத்தத் தொடங்கியது. அந்தப் பழைய முறையை மட்டுமே அறிந்த அவுட்லுக் 2010-இல் இனிக் கடவுச்சொல்லைத் தட்டிப் பயனில்லை.

உதவிப் பிரிவு என்று யார் அழைத்தாலும் அந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லிவிடாதீர்கள்.