தோற்கும்போது பேசும் சோதனை

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் காலனியில் கணினித் துறையில் பணிபுரிவோர் பலர். இரவெல்லாம் கண்விழித்து அவர்கள் செய்வது யாதென வீட்டிலுள்ள பெரியோர் என்னை வினவுவதுண்டு. அப்பணியில் ஒரு சிறு பகுதியைப் பற்றி மட்டும் இன்று பேச விழைகிறேன்.

நிரல் எழுதுவோர், அதன் ஒவ்வோர் உறுப்பும் செவ்வனே இயங்குகிறதா என்று பார்க்க, வேறொரு சிறு நிரலையும் எழுதி வைப்பர். அதுவே யூனிட் டெஸ்ட். ஜாவா மொழியில் இதற்குப் பெரிதும் பயன்படும் ஜேயூனிட் என்னும் கருவியைக் கெண்ட் பெக், எரிக் காமா என்னும் இருவர் 1997-இல் விமானப் பயணம் ஒன்றின்போது எழுதத் தொடங்கினர். சோதனை வென்றால் வாய் திறவாது, தோற்றால்தான் பேசும். அப்போது அது என்ன பேசுகிறது என்பதே என் கவலை.

நாம் ஊருக்குச் சென்றுவரும் ஜி.டி. எக்ஸ்பிரஸையே எடுத்துக்கொள்வோம். அது நிற்கும் நிலையங்களின் பட்டியலைத் தரும் நிரலொன்று உள்ளது. பட்டியலில் நாகபுரி இருத்தல் வேண்டும். பழைய முறையில், 'நாகபுரி உண்டு என்பது மெய்' என்று அஸர்ட்ட்ரூ கொண்டு எழுதுவர். தவறு நேர்ந்தால், சோதனை தோற்றது என்பதன்றி வேறு சொல் வாராது. நாகபுரி மட்டும் விடுபட்டதா, பட்டியலே வெறுமையா, பெயர் எழுத்து மாறி வந்ததா? யாருக்குத் தெரியும்!

இத்தகைய சோதனை ஒன்றை நானே எழுதியிருந்தேன். மூன்றாண்டுகள் கழித்து, பொங்கலுக்கு முதல்நாள் இரவு அது தோற்றது. மறுநாள் காலை ஊருக்குப் புறப்படவிருந்த இளைஞர் ஒருவர் அதன்முன் அமர்ந்தார். பிழை ஒரேயோர் எழுத்தில் இருந்தது. அதைக் கண்டபோது வண்டி போய்விட்டிருந்தது.

ஹாம்கிரெஸ்ட் என்னும் நிரல் தொகுப்பு இக்குறையைத் தீர்க்கிறது. மேட்சர்ஸ் என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றி அமைத்த பெயர் அது. 2007-இல் ஜேயூனிட் 4.4 அதனைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. பின்னர் ஜேயூனிட் 5 அதை அவரவர் விருப்பத்திற்கு விட்டுவிட்டது. இம்முறையில் முதலில் பட்டியலைச் சொல்லி, பிறகு 'நாகபுரியைக் கொண்டது' என்னும் மேட்சரைச் சொல்கிறோம். எழுவாய் முன்னும் பயனிலை பின்னுமாக நம் தமிழ் வாக்கியம் போலவே அது அமைவது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி! தோற்றால், எதிர்பார்த்தது இது, வந்தது இது என இரண்டையும் எடுத்துக் காட்டும்.

மற்றொரு நன்மையும் உண்டு. நிலையங்களின் வரிசை முக்கியமன்றெனில், எவ்வரிசையிலும் இருக்கலாம் என்றே சொல்லலாம். வேண்டாத மாற்றத்திற்கெல்லாம் சோதனை விழாது. 'அன்று', 'அனைத்தும்', 'ஏதேனும் ஒன்று' என மேட்சர்களை ஒன்றோடொன்று கோக்கவும் இயலும். ஆனால் நான்கைந்துக்கு மேல் கோத்தால் எழுதியவருக்கே பொருள் விளங்காது. அத்தகைய இடத்தில் நாமே ஒரு மேட்சரை எழுதிப் பெயரிடுதல் நன்று. அதில் தன்னை விவரிக்கும் பகுதி ஒன்றுண்டு. பலர் அதை ஏனோதானோவென்று எழுதிவிடுகின்றனர். தோல்விச் செய்தியில் வருவது அச்சொற்களே.

பொங்கல் கழிந்த மறுவாரம் என் பழைய சோதனையைத் திருத்தி எழுதினேன். அவ்விளைஞரை அருகில் அமர்த்தி, வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றி, அதனைத் தோற்கச் செய்தேன். திரையில் வந்த இரு வரிகளையும் அவர் படித்தார். "இது அன்றைக்கே இருந்திருந்தால், ஐயா!" என்றார்.