தாய்மார் தந்த சான்று

மாணவர் எழுதிய விடைத்தாள்களைத் திருத்தாது அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அதே வினாத்தாளை மீண்டும் கொடுத்து எழுதச் சொல்லும் ஆசிரியரை நாம் என்னென்போம்? கல்விக்கூடத்தில் எவரும் பொறுக்காத இச்செயல், தாய்மார் நலம் பற்றிய மருத்துவ ஆராய்ச்சியில் நிகழ்ந்ததுண்டு.

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் லிகின்ஸ் என்னும் மகப்பேற்று மருத்துவர் செம்மறியாடுகளைக் கொண்டு ஆராய்ந்துவந்தார். குறைமாதக் குட்டிகள் நுரையீரல் முதிராமையால் மூச்சுவிட மாட்டாது இறப்பதே இயல்பு. ஆயின், ஸ்டெரொயிட் வகை மருந்து ஏற்றப்பெற்ற குட்டியொன்று எதிர்பாராவகையில் மூச்சுவிட்டது. இதனைக் கண்ட அவர், ஹவி என்னும் குழந்தை மருத்துவருடன் கூடி, குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கிய 282 தாய்மாரிடத்து அம்மருந்தைப் பரிசோதித்தார். 1972ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளிடையே மூச்சுத்திணறலும் மரணமும் குறைந்திருந்தன.

பின்னர் நிகழ்ந்தது யாது? 1991ஆம் ஆண்டளவில் மேலும் ஏழு பரிசோதனைகள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் தாய்மாருள் ஒரு பகுதியினர் மருந்து பெறாத பிரிவில் வைக்கப்பட்டனர். முடிவுகளையெல்லாம் ஒருங்கே தொகுத்து நோக்கிய ஆய்வோ 1989இல்தான் முதன்முதல் வெளியாயிற்று. குழந்தை இறக்கும் வாய்ப்பை இம்மருந்து நூற்றுக்கு 30 தொடக்கம் 50 வீதம் வரை குறைக்குமென அது காட்டிற்று. சான்று இருந்தும் மகப்பேற்று மருத்துவர் பலர் அதனை அறியாதிருந்தமையால், காக்கப்பட்டிருக்கக்கூடிய பல்லாயிரம் சிசுக்கள் மாண்டிருக்கலாம் என்பர். 1993இல் தோன்றிய கொக்ரேன் அமைப்பு, அந்தத் தொகுப்பாய்வின் வரைபடத்தையே தன் இலச்சினையாக ஏற்றது, மறவாதிருத்தற்கே போலும்!

பரிசோதனைக்கு உடன்படும் தாய், தனக்கு மட்டுமன்றி, தன் பின்னே வரும் தாய்மாருக்கும் நன்மை விளையுமென்று நம்பியே தன் உடலைத் தருகிறாள். அம்முடிவை வெளியிடாது விடுதலும், வெளியிட்டதைப் படியாது விடுதலும் அவள் நம்பிக்கைக்கு இழைக்கும் துரோகமன்றோ? ஆதலின், புதிய பரிசோதனை தொடங்குமுன் பழையனவற்றைத் தொகுத்து நோக்குதல் வேண்டும். தொடங்குவதைப் பகிரங்கமாகப் பதிதல் வேண்டும். முடிவு சாதகமாயினும் பாதகமாயினும் வெளியிடுதல் வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கமும் 2006ஆம் ஆண்டு தொடக்கம் இத்தகைய பதிவேடொன்றைப் பேணிவருகின்றது.

தாய்மாரே, பரிசோதனையில் சேருமாறு உங்களை எவரேனும் அழைப்பின், இரண்டு வினாக்களைத் தயங்காது கேளுங்கள்: "இதற்கு முன்னரே விடை கண்டாயிற்றா? எம்மிடம் பெறும் விடையை உலகறியச் சொல்வீர்களா?" கேட்பது உங்கள் உரிமை.